43 இஞ்ச் டிவிக்கு அப்ஸ்கேலிங் டிவிடி ப்ளேயர்: எதைப் பார்த்து வாங்குவது?

அசோக்நகர்_ஆள்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் புதிதாக 43 இஞ்ச் ஃபுல் ஹெச்டி டிவி வந்திருக்கிறது. அப்பாவிடம் ஒரு பீரோ நிறைய டிவிடி இருக்கிறது. பாதி கறுப்பு வெள்ளைப் படங்கள், மீதி எண்பது தொண்ணூறுகளின் சினிமாஸ்கோப் படங்கள், அப்புறம் அக்கா கல்யாண டிவிடி. பழைய ப்ளேயரில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மட்டும்தான். அதைப் புது டிவியில் மாட்டினால் மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை, டைட்டில் எழுத்துகளின் ஓரத்தில் கலர் வழிகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தேன். ஒரு கடையில் "1080பி அப்ஸ்கேலிங் சார், டிவிடி அப்படியே ப்ளூரே மாதிரி தெரியும்" என்றார்கள். பக்கத்துக் கடையில் "இதையெல்லாம் இப்ப யார் சார் வாங்குறாங்க" என்று சிரித்துவிட்டார்கள். அப்ஸ்கேலிங், அதாவது டிவிடியின் சின்னப் படத்தைத் திரைக்கேற்பப் பெரிதாக்கித் தரும் ப்ளேயர், உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா? பட்ஜெட் ஐந்தாயிரத்துக்குள். அப்பா ரிமோட்டில் ப்ளே அழுத்தினால் படம் ஓட வேண்டும், அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

பென்டிரைவ்_பிரியன்:
எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றி டிவியில் சொருகுங்கள் பாஸ். பீரோ காலியாகும், அம்மா சந்தோஷப்படுவார்கள்.

லைன்_576:
பிரியன், அவருடைய அப்பாவுக்கு ஃபோல்டர் தேடத் தெரியாமல் இருக்கலாம், தட்டை எடுத்துப் போட நன்றாகத் தெரியும். கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அசோக்நகர் சார், முதலில் அந்த மஞ்சள் வயரைக் கழற்றுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும். அந்த ஒற்றை வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன, டிவி அவற்றைத் திரும்பப் பிரித்தெடுக்க வேண்டும், சரியாகப் பிரியாத இடம்தான் நீங்கள் சொல்லும் கலர் வழிதல். படமும் சத்தமும் டிஜிட்டலாக ஒரே வயரில் போகும் ஹெச்டிஎம்ஐயில் அந்தக் கலப்படமே இல்லை. அப்ஸ்கேலிங் ப்ளேயர் வாங்கிவந்து "அடேங்கப்பா" என்று சொல்கிறவர்களில் நிறைய பேர் பார்த்த முன்னேற்றம் இந்த வயர் மாற்றத்தால் வந்ததுதான், பெட்டியில் ஒட்டியிருந்த 1080பி ஸ்டிக்கரால் அல்ல.

இனி அப்ஸ்கேலிங். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) சிஸ்டம் டிவிடியில் ஒரு ஃப்ரேமுக்கு 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) தட்டு என்றால் 720க்கு 480, இன்னும் குறைவு. உங்கள் திரையில் 1920க்கு 1080, மொத்தம் 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. ஒரு பங்கு தட்டில் இருக்கிறது, மீதி நாலு பங்கை யாராவது கணக்குப் போட்டு நிரப்பியாக வேண்டும். ப்ளேயர் நிரப்பினால் அது அப்ஸ்கேலிங் ப்ளேயர். ப்ளேயர் சும்மா இருந்தால் டிவி நிரப்பும், வேறு வழியே இல்லை, அத்தனை புள்ளிகளும் எரிந்தாக வேண்டுமே. ஆக உங்கள் வீட்டில் அப்ஸ்கேலிங் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, யார் செய்கிறார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. ப்ளூரே மாதிரி தெரியும் என்பதெல்லாம் கடைப் பேச்சு. கதாநாயகியின் மூக்குத்திக் கல் தட்டில் பதிவாகவில்லை என்றால் எந்த ப்ளேயராலும் அதைக் கொண்டுவர முடியாது.

சிக்னல்_சித்தப்பா:
அப்படியானால் டிவியே செய்யும் வேலைக்கு ப்ளேயரில் எதற்குத் தனியாகக் காசு? ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிற ஏதாவது ஒன்றை வாங்கினால் முடிந்ததே.

லைன்_576:
முக்கால்வாசி சரி சித்தப்பா. ஆனால் பெரிதாக்குவது சுலபமான வேலை, அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது, சொதப்பல் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. டிவிடியில் படம் முழு ஃப்ரேமாக ஓடுவதில்லை, ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று இரண்டு ஃபீல்டாக வருகிறது. பழைய குண்டு டிவிக்கு அது போதும். எல்சிடி, எல்இடி திரைக்கு இரண்டையும் சேர்த்து முழுப் படமாக்கித் தர வேண்டும். இதுதான் டீஇண்டர்லேஸிங். 576பி, 1080பி என்பதில் பி (p) என்றால் முழுப் படமாகப் போவது, ஐ (i) என்றால் இப்படி இரண்டாகப் பிரித்துப் போவது.

சினிமா பிலிமில் வினாடிக்கு 24 ஃப்ரேம். பால் தட்டில் அதை 25 ஆக வேகப்படுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டாகப் பிரித்துவைப்பார்கள், திரும்பச் சேர்ப்பது எளிது. என்டிஎஸ்சி தட்டில் 24 ஃப்ரேமை 60 ஃபீல்டுக்குள் நிரப்ப ஒரு ஃப்ரேமுக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். அந்த வரிசையை ப்ளேயர் கண்டுபிடித்துப் பிரித்தால் சுத்தமாக இருக்கும், தவறவிட்டால் கேமரா மெதுவாகத் திரும்பும் இடத்தில் ஜன்னல் கம்பிகளும் படிக்கட்டுகளும் நடுங்கும். நம் படங்களின் டிவிடிகளில் வெளிநாட்டு விற்பனையை மனதில் வைத்து என்டிஎஸ்சியில் போட்டவை ஏராளம், ஆகவே இது நமக்கும் பொருந்தும் சங்கதிதான்.

கல்யாண டிவிடி வேறு ஜாதி. அது வீடியோ கேமராவில் எடுத்தது, வினாடிக்கு 50 ஃபீல்டு, ஒவ்வொன்றும் தனித்தனி நொடித்துணுக்கு. தாலி கட்டும்போது எல்லாரும் அட்சதை தூவுவார்கள் இல்லையா, அந்தக் கைகளின் ஓரத்தைப் பாருங்கள். சீப்புப் பல் போல வரி வரியாகத் தெரிந்தால் ப்ளேயர் இரண்டு ஃபீல்டையும் அப்படியே ஒட்டிவைத்துவிட்டது என்று அர்த்தம். நல்ல ப்ளேயர் அசையாத மண்டபத்தை முழு வரியோடும் அசையும் கையை மட்டும் வேறு விதமாகவும் கையாளும். ஃபரூஜா நிறுவனத்தின் டிசிடிஐ என்ற நுட்பம் இதற்காகவே பேர் வாங்கியது.

மயிலை_மாமி:
தம்பி, நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் இருக்கிற சில டிவிடிகளில் பாட்டின் ஸ்ருதியே ஏறி இருக்கிறது. அதே பாட்டு கேசட்டில் ஒரு ஸ்ருதி, டிவிடியில் கிட்டத்தட்ட அரை கட்டைக்கு மேல் தள்ளி. தம்புராவை வைத்துப் பார்த்தே சொல்கிறேன், வீட்டில் யாரும் நம்பவில்லை. ப்ளேயர் பழுதா?

லைன்_576:
மாமி, உங்கள் காது சரி, ப்ளேயரும் சரி. மேலே சொன்ன 24ஐ 25 ஆக்கும் வேலைதான் காரணம். படம் நாலு சதவீதம் வேகமாக ஓடுகிறது, 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் வாத்தியமும் சேர்ந்து மேலே ஏறும். நாலு சதவீதம் என்றால் அரைச் சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சிலர் தட்டு தயாரிக்கும்போதே ஸ்ருதியை இறக்கிச் சரிசெய்துவிடுவார்கள், செய்யாத தட்டில் இப்படித்தான் கேட்கும். என்டிஎஸ்சி தட்டில் வரிகள் குறைவென்றாலும் இந்தத் தொல்லை இல்லை.

இதோடு சம்பந்தப்பட்ட செட்டிங் ஒன்று: ப்ளேயர் மெனுவில் டிவி சிஸ்டம் என்ற இடத்தில் பால், என்டிஎஸ்சி, மல்டி அல்லது ஆட்டோ என்று இருக்கும். இங்கே விற்கும் பெட்டிகள் பலவும் பாலில் நிற்கும். அப்படி விட்டால் என்டிஎஸ்சி தட்டையும் பாலாக மாற்றித் தள்ளும், படம் தத்தித் தத்தி ஓடும். மல்டியில் வையுங்கள், தட்டு எதுவோ அது அப்படியே போகட்டும், இப்போதைய டிவிகள் இரண்டையும் வாங்கிக்கொள்ளும்.

அசோக்நகர்_ஆள்:
நன்றி சார், நிறைய விளங்கியது. ஆனால் பழைய ப்ளேயரில் இன்னொரு கூத்து நடக்கிறது. சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்பு, இடமும் வலமும் கறுப்பு, நடுவில் சின்னப் பெட்டிக்குள் படம். 43 இஞ்ச் வாங்கி 30 இஞ்சில் பார்ப்பது போல இருக்கிறது என்று அப்பா முறைக்கிறார். புது ப்ளேயர் வந்தால் இது சரியாகுமா?

லைன்_576:
இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் டிவிடி வைத்திருப்பவர்களுக்கு 1080பியைவிட இதுதான் முக்கியம், கடையில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

சினிமாஸ்கோப் படத்தை டிவிடியில் இரண்டு விதமாகப் பதியலாம். அகலத் திரைக்கென்று பதிந்தது அனமார்ஃபிக், அட்டையில் 16:9 என்று போட்டிருக்கும். இன்னொன்று பழைய 4:3 டிவிக்கென்று பதிந்த லெட்டர்பாக்ஸ், அதில் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையும் படத்தோடு சேர்ந்தே பதிவாகியிருக்கும். கணக்குப் பாருங்கள்: 576 வரியில், உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமான படத்துக்கு அனமார்ஃபிக்கில் சுமார் 435 வரி கிடைக்கும், லெட்டர்பாக்ஸில் சுமார் 327தான். என்டிஎஸ்சி லெட்டர்பாக்ஸ் என்றால் 272 வரி. மீதி எல்லாம் கறுப்பு மையை டிஜிட்டலில் சேமித்தது. அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லார் வீட்டிலும் குண்டு டிவி, அதனால் லெட்டர்பாக்ஸில் போட்டுத் தள்ளினார்கள். உங்கள் அப்பாவின் பீரோவில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

இந்தத் தட்டுகளுக்கு ஜூம் வேண்டும். இங்கேதான் வேடிக்கை. ப்ளேயர் 1080பியில் அனுப்பும்போது டிவிக்கு அது ஹெச்டி படம், பல டிவிகளில் ஹெச்டி சிக்னலுக்கு ஜூம் வேலை செய்யாது அல்லது மெனுவிலேயே மங்கிப்போய் நிற்கும். 576பியில் அனுப்பினால் ஜூம் திறந்துகொள்ளும். காசு கொடுத்து அப்ஸ்கேலிங் ப்ளேயர் வாங்கி, அப்ஸ்கேலிங்கை அணைத்துவைத்துப் பார்க்க வேண்டிய நிலைமை. ப்ளேயரிலேயே ஜூம் இருக்கிறதே என்பார்கள், இருக்கும், ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று தாவும், ஓரத்தில் நிற்கும் ஆளின் தோள் வெட்டுப்படும். நமக்கு வேண்டியது 1.33 மடங்கு. அது சரியாக உள்ள ப்ளேயர் கிடைத்தால் விடாதீர்கள்.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1973 வரை தமிழில் சினிமாஸ்கோப்பே வரவில்லை, அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் 4:3க்குப் பக்கத்தில்தான். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், இழுத்து நிரப்பாதீர்கள். பழைய நடிகர்கள் எல்லாரும் திடீரென்று குண்டாகிவிடுவார்கள்.

பென்டிரைவ்_பிரியன்:
சொந்தக்காரர் வீட்டில் பார்த்திருக்கிறேன், எல்லாப் படத்தையும் இழுத்துவைத்துத்தான் பார்க்கிறார்கள். காசு கொடுத்த திரை வீணாகக் கூடாதாம்.

சிக்னல்_சித்தப்பா:
என் பழைய எல்சிடி ஹெச்டி ரெடி, 1366க்கு 768. அதற்கு ப்ளேயரை 720பியில் வைப்பதா 1080i-யிலா? அப்புறம் ஹெச்டிஎம்ஐ ஓட்டை ஒன்றுதான், அதில் செட்டாப் பாக்ஸ். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாக வரும் காம்பொனென்ட் வயரில் அப்ஸ்கேல் ஆகுமா?

லைன்_576:
768 வரித் திரைக்கு எதை அனுப்பினாலும் டிவி இன்னொரு தடவை மாற்றத்தான் போகிறது, 720ம் பொருந்தாது 1080ம் பொருந்தாது. 576பி, 720பி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பிடித்ததை வையுங்கள், 1080i மட்டும் வேண்டாம், முழுப் படத்தைத் திரும்ப இரண்டாகப் பிரித்து அனுப்பி மறுபடி சேர்க்கச் சொல்வானேன். காம்பொனென்டில் காப்பி பாதுகாப்பு உள்ள தட்டுகள் 480பி, 576பிக்கு மேல் போகாது. பெரிதாக்கிய படத்தை ஹெச்டிசிபி என்ற காப்பிப் பூட்டு உள்ள ஹெச்டிஎம்ஐ அல்லது டிவிஐயில் மட்டும்தான் அனுப்பலாம் என்பது விதி. ஒரு ஹெச்டிஎம்ஐ ஸ்விட்ச் வாங்கிப் போடுங்கள்.

ஓப்போ_காலத்து_ஆள்:
பழைய ஆள் பேசுகிறேன். ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் ஓப்போதான் ராஜா. டிவி-980ஹெச் (DV-980H) என்ற ப்ளேயர் மாடலில் ஹெச்டிஎம்ஐ வழியாகவே 576i அனுப்பலாம், அதாவது ப்ளேயர் எதையும் தொடாமல் எல்லாவற்றையும் டிவியிடம் விட்டுவிடும். 983ஹெச் என்று இன்னொன்று, அதற்குள் இருந்த ப்ராசஸர் டிவிடியை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியது. செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

லைன்_576:
அண்ணா, பெட்டி அருமைதான், மறுக்கவே இல்லை. ஆனால் ஓப்போ 2018ல் ப்ளேயர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பதினைந்து வருடம் ஓடிய லேசர், நம் ஊர்த் தூசியும் கடற்காற்றும் வேறு. அப்பாவுக்கு என்று வாங்குகிற சாமானை ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ஆசைக்கு வாங்குகிறவர்கள் வாங்கலாம்.

ஐந்தாயிரத்துக்குள் என்றால் நல்ல நிலையில் உள்ள ப்ளூரே ப்ளேயர் ஒன்று கிடைக்கிறதா என்றும் தேடுங்கள், டிவிடியை அது பொதுவாக ஒழுங்காகவே கையாளும். ஒரு எச்சரிக்கை: எந்த நாட்டு ப்ளேயரில் தட்டு ஓடலாம் என்று பூட்ட டிவிடியில் ரீஜன் எண் உண்டு, இந்தியா ரீஜன் 5. தமிழ்த் தட்டுகள் பெரும்பாலும் ரீஜன் பூட்டு இல்லாதவை, கவலையில்லை, ஆனால் அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த ரீஜன் 1 தட்டுகள் அதில் ஓடாது. டிவிடி ப்ளேயரே போதும் என்றால் மாடல் எண்ணைக் கவனித்து வாங்குங்கள். சோனியில் எஸ்ஆர்760ஹெச்சில் ஹெச்டிஎம்ஐ உண்டு, பார்ப்பதற்கு அதன் தம்பி போலவே இருக்கும் எஸ்ஆர்370ல் கிடையாது. கடைக்காரர் எடுத்து நீட்டுவது எது என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மயிலை_மாமி:
அசோக்நகர் தம்பி, ப்ளேயர் எதுவாகவும் இருக்கட்டும், அக்கா கல்யாண டிவிடியை முதலில் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வையுங்கள். ஸ்டூடியோவில் எழுதிக் கொடுக்கும் தட்டு வேறு, கடையில் விற்கும் தட்டு வேறு. எழுதின தட்டில் சாயப் பூச்சுதான், வருடம் ஆக ஆக மங்கும். எங்கள் பெண் கல்யாணத் தட்டு நலங்கு வரை ஓடும், அப்புறம் நின்றுவிடும்.

லைன்_576:
மாமி சொன்னதை இன்றைக்கே செய்யுங்கள். தட்டுக்குள் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக அப்படியே காப்பி எடுத்தால் போதும். ஒரு ஜிபி ஒரு ஜிபியாக வெட்டின விஓபி கோப்புகள் வரும், எதையும் சுருக்காதீர்கள், மாற்றாதீர்கள். விஎல்சியில் டீஇண்டர்லேஸை ஆன் செய்து யாடிஃப் என்ற முறையில் வைத்துப் பார்த்தால் மலிவு ப்ளேயர்களைவிட நன்றாகவே இருக்கும்.

தவுசண்ட்லைட்ஸ்_தம்பி:
மூன்று படம் ஒரே தட்டில் என்று விற்றார்களே, அது என்னிடம் நிறைய இருக்கிறது. எந்த ப்ளேயரில் போட்டாலும் இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நல்ல அப்ஸ்கேலர் அதைச் சரிசெய்யுமா?

லைன்_576:
செய்யாது தம்பி. ஒற்றை லேயர் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் மூன்றை அதில் அடைத்தால் படத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்தே வினாடிக்கு 1.4 மெகாபிட்தான் தேறும். இரட்டை லேயர் 8.5 ஜிபி என்றாலும் 2.5. டிவிடியில் படத்துக்கு மட்டுமே 9.8 வரை போகலாம். அப்ஸ்கேலர் அந்தக் கட்டங்களையும் சேர்த்துப் பெரிதாக்கும், ஷார்ப்னஸை ஏற்றினால் இன்னும் பளிச்சென்று காட்டும். டிவியில் ஷார்ப்னஸைக் கீழே இறக்கி, நாய்ஸ் ரிடக்ஷனை ஒரு படி போட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 43 இஞ்சில் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கும்போது நல்ல டிவிடிக்கும் ஹெச்டிக்கும் சாதாரணக் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் பிடிபடாது. ஆறடிக்குள் வந்தால்தான் எல்லாக் குறையும் மேலே வரும்.

அசோக்நகர்_ஆள்:
ப்ளேயர் வந்துவிட்டது. கல்யாணத் தட்டையும் ஒரு லெட்டர்பாக்ஸ் தட்டையும் கையோடு எடுத்துப்போய்க் கடை டிவியிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன், கடைப் பையன் முதலில் முகம் சுளித்தான், அப்புறம் அவனே உட்கார்ந்து நாதஸ்வரக்காரரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். முதலில் காட்டிய பெட்டியில் அட்சதைக் கைகளில் வரி வரியாகத் தெரிந்தது, இரண்டாவதில் இல்லை, அதையே எடுத்தேன். மல்டி செட்டிங், 576பி, டிவியில் ஜூம், எல்லாம் சொன்னபடி. சினிமாஸ்கோப் படம் இப்போது திரையின் அகலம் முழுக்க வருகிறது. இரண்டு சிக்கல். ஒன்று, சில தட்டுகளில் படம் ஓடுகிறது, சத்தமே இல்லை. இரண்டு, அக்கா பையனுக்குத் தமிழ் புரியாது, ஹூஸ்டனில் வளர்கிறான், அவனுக்கு சப்டைட்டில் வேண்டும், ஜூம் போட்டால் சப்டைட்டில் பாதி காணாமல் போகிறது.

சிக்னல்_சித்தப்பா:
சத்தம் வராத தட்டில் டிடிஎஸ் என்ற ஒலி முறையில் பதிந்த டிராக் ஓடிக்கொண்டிருக்கும். நிறைய டிவிகளுக்கு டிடிஎஸ் புரியாது. ப்ளேயரின் ஆடியோ மெனுவில் பிட்ஸ்ட்ரீம் அல்லது ரா என்று இருப்பதை பிசிஎம் ஆக்குங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ரிமோட்டில் ஆடியோ பட்டனை அழுத்தி டால்பி டிராக்குக்கு மாறுங்கள், பெரும்பாலான தட்டில் இரண்டும் இருக்கும்.

லைன்_576:
சப்டைட்டில் அந்தக் கீழ்க் கறுப்புப் பட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது, ஜூம் அந்தப் பட்டையைத்தான் வெட்டுகிறது. ஜூம் போட்ட பிறகு டிவி ரிமோட்டில் மேல் அம்பை அழுத்திப் பாருங்கள், சில டிவிகளில் படம் மொத்தமும் மேலே நகரும், மேல் பட்டை வெளியே போய்க் கீழ்ப் பட்டை உள்ளே வரும், எழுத்து முழுசாகத் தெரியும். உங்கள் டிவி நகர மறுத்தால் பையன் பார்க்கும்போது மட்டும் ஜூமை எடுத்துவிடுங்கள், அப்பா முறைத்தால் முறைக்கட்டும்.